ஒன்பது நாள் பாலில் நனைந்த அம்பு

பழைய மர அம்புகளைத் தேடி வாங்கி விற்கும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு வாட்சப் குழு வைத்துக்கொண்டு, கேட்காமலேயே என்னையும் அதில் சேர்த்துவிட்டீர்கள். கடையை மூடிவிட்டுக் கோலா சிலாங்கூரில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு அதுவே பெரிய மரியாதை என்று நினைத்தேன். இப்போது தினமும் காலையில் ஒரு படம் வருகிறது. "அண்ணே, இது என்ன மரம்?" படத்தில் மரத்தைவிட உங்கள் கட்டைவிரல்தான் தெளிவாக இருக்கிறது.

மரத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. ஆறாம் வகுப்போடு நின்றவன். என்னைவிட நன்றாக எழுதத் தெரிந்தவர்கள் அதைப் பற்றி எழுதியிருப்பார்கள். தண்டை விரல்களில் உருட்டினால் வளைவு தெரியும். வெளிச்சத்தில் திருப்பினால், மரத்தின் ரேகை நுனிவரை ஓடுகிறதா, பாதியில் பக்கவாட்டில் இறங்கிவிடுகிறதா என்று தெரியும். மோந்து பார்த்தால் சில மரங்கள் தம் பெயரைத் தாமே சொல்லிவிடும். இதெல்லாம் கொஞ்ச காலத்தில் கைக்கு வந்துவிடும். வராவிட்டால் வேறு தொழில் பாருங்கள், தப்பில்லை. நான் எழுத நினைப்பது அம்பைப் பார்த்து முடித்த பிறகு வாயைத் திறக்கும் வேலையைப் பற்றி. அதில்தான் நான் கெட்டேன், அதில்தான் ஒருமுறை தப்பித்தேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பயந்த ஆள். கடையைப் பூட்டிவிட்டு, பூட்டினேனா என்று பார்க்கத் திரும்பி வருவேன். பார்த்துவிட்டுப் போனபின், இழுத்துப் பார்த்ததில் பூட்டு கழன்றிருக்குமோ என்று இன்னொரு முறை வருவேன். விலை சொன்னதும் வாங்க வந்தவர் சிரித்தால் குறைத்துச் சொல்லிவிட்டேனோ என்று பயம். சிரிக்காவிட்டால் கூட்டிச் சொல்லிவிட்டேனோ என்று பயம். என் மனைவி சொல்வாள், ஒரு அம்பை விற்றுவிட்டு ஒரு பெண்ணைக் கட்டிக்கொடுத்தவன்மாதிரி மூன்று நாள் தூங்காமல் கிடப்பேன் என்று.

இந்தத் தொழில் எப்படி வந்தது என்று உங்களில் சிலருக்குத் தெரியாது. ரப்பர் தோட்டங்களில் வெள்ளைக்காரத் துரைமார் கிளப் என்று ஒன்று இருந்தது. டென்னிஸ், பில்லியர்ட்ஸ், சில இடங்களில் பொழுதுபோக்குக்கு வில்லும் அம்பும். துரைமார் போனார்கள். ரப்பர் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்தது. கிளப் சாமான்கள் பூட்டிய அறைகளில் கிடந்தன. பிறகு ஷா ஆலம், பாங்கி பக்கம் மலாய்க்காரப் பிள்ளைகள் மரபு வில்வித்தையில் இறங்கினார்கள். மர அம்புதான் வேண்டும், பழையதாக இருந்தால் இன்னும் நல்லது என்றார்கள். கிடந்த குப்பைக்கு விலை வந்தது. குப்பைக்கு விலை வந்தால் என்ன நடக்கும்? எல்லார் வீட்டிலும் குப்பை குறைந்து புராதனப் பொருள் கூடிவிடும். ஒருவர் திரைச்சீலைக் கம்பியில் கோழி இறகு ஒட்டிக்கொண்டு வந்து, தன் கொள்ளுத்தாத்தா அதனால் புலியைக் கொன்றார் என்றார். கம்பியில் கொக்கி மாட்டும் வளையம் இன்னும் இருந்தது.

அப்படிப்பட்டவர்களோடு பிழைத்துக்கொள்ளலாம். பொய் அம்பால் யாருக்கும் ஆபத்து இல்லை. நிஜ அம்புதான் ஆபத்து. என்னிடம் வழக்கமாக வாங்கிய ஷா ஆலம்காரர் ஒருவர், முதல் நாளே தன் இடது கையை என் மேசைமேல் விரித்து வைத்தார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு தழும்பு, உள்ளங்கை வழியாக மறுபக்கம் வரை. பழைய அம்பு, மயிரிழை விரிசல், நாணை விட்டதும் தண்டு முறிந்து பின்பாதி கைக்குள் போய்விட்டது. "விற்றவர் அது முதல் தரம் என்றுதான் சொன்னார்" என்றார். அன்றிலிருந்து எனக்குப் பயப்பட இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கடையை மூடுவதற்கு முந்தைய வருட நவராத்திரியில், ஈஜோக்கைத் தாண்டி உள்ளே இருக்கும் ஒரு தோட்டத்துக் கோயில் தலைவர் எனக்குப் போன் செய்தார். லோரிகள் வைத்துத் தொழில் செய்பவர். பேசும்போதே பின்னால் ஏதாவது ஒன்று உறுமிக்கொண்டிருக்கும். கோயிலில் ஒரு அம்பு இருக்கிறது, விஜயதசமியன்று வந்து பார்த்து ஏலத்துக்கு ஒரு ஆரம்ப விலை சொல்ல வேண்டும் என்றார்.

நம் கோயில் ஏலம் உங்களுக்குத் தெரியும். அம்மன் மடியிலிருந்த எலுமிச்சம்பழம் மைக் முன்னால் வந்தால் ஒரு மோட்டார் சைக்கிளின் முன்பணம் அளவுக்குப் போகும். எடுத்தவர் அதை வீட்டில் வைத்துவிட்டு மறந்துவிடுவார். தோற்றவர் மறக்க மாட்டார், அடுத்த வருடம் காத்திருந்து புடவையை எடுப்பார். அந்த வருடம் தலைவருக்கு எலுமிச்சையும் புடவையும் போதவில்லை.

அங்கே பத்தாம் நாள் அம்மன் குதிரை வாகனத்தில் வந்து அசுரன்மேல் அம்பு போடுவாள். அசுரன் என்பது திடலில் நட்ட ஒரு வாழைமரம். பூசாரி மூங்கில் வில்லில் ஈர்க்கு அம்பை வைத்து விடுவார், அது மூன்றடி போய் விழும். பிறகு அவரே நடந்துபோய்க் கத்தியால் ஒரு போடு போடுவார். அசுரன் எப்படியும் செத்துவிடுவான். எத்தனையோ வருடமாக இதில் யாருக்கும் குறை இருந்ததில்லை. தலைவர் மூடிக்கிடந்த கிளப் சாமான் அறையில் ஒரு நீளப் பெட்டியைக் கண்டெடுத்த பிறகுதான் குறை தெரிய ஆரம்பித்தது. பெட்டிக்குள் பன்னிரண்டு அம்புகள். அதில் ஒன்றை எடுத்து, நிஜ வில்லில் வைத்து, நிஜமாகவே எய்து, பிறகு ஏலம் விடுவது என்று கமிட்டி முடிவு செய்தது. பேனர் அடித்தாயிற்று. 'நூற்றாண்டு கண்ட அம்மன் அம்பு' என்று எழுதி, அம்மனைவிடப் பெரிதாகத் தலைவர் படம்.

நான் பிற்பகலிலேயே போய்விட்டேன். வெளிச்சம் இருக்கும்போது பார்த்துவிட வேண்டும் என்று ஒரு பயம். கமிட்டிச் செயலாளர் என்னை வரவேற்றார். ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வை வேலை, எதையும் குறிப்பெடுக்காமல் கேட்க மாட்டார். முதலில் பெட்டியைக் காட்டச் சொன்னேன். பெட்டி இருந்தது, உள்ளே ஒரே ஒரு அம்பு இருந்தது. அடியிலிருந்த துணிக்குக் கீழே சிக்கிக்கிடந்ததால் தப்பியிருக்கிறது. மற்ற பத்து எங்கே என்று கேட்டேன். அம்மனுக்கு ஒன்றுதானே தேவை என்றார். இரண்டு சாயம் கலக்கப் போயின. நான்கு, மாவிலைத் தோரணம் தொங்காமல் நிற்க வாசலில் குத்தப்பட்டிருந்தன. மீதி பூசாரி வீட்டுக் கத்தரிச் செடிகளுக்கு.

பன்னிரண்டும் ஒரே எடை, ஒரே விறைப்பு, ஒரே வண்ணக் கோடுகளோடு ஒன்றாக இருந்தால் அதன் மதிப்பு என்ன என்று உங்களுக்கே தெரியும். கத்தரிக்காய் நன்றாகக் காய்க்கிறதா என்று மட்டும் கேட்டேன். இந்த வருடம் நல்ல காய்ப்பு என்றார்.

தப்பிய ஒன்றை வெளிச்சத்தில் பார்த்தேன். அருமையான வேலை. தண்டு வெளிறிய மெல்லிய மரம். முனைப்பக்கம் ஒரு சாண் மட்டும் கறுத்த கனமரம். இரண்டையும் நீளமான பல்லாக வெட்டி ஒன்றுக்குள் ஒன்று நுழைத்து ஒட்டியிருந்தார்கள். நகத்தை வைத்து இழுத்தாலும் ஒட்டு இருப்பது தெரியவில்லை. முனை கனமாக இருந்தால் அம்பு நேராகப் போகும், முட்டினாலும் உடையாது. அதற்காகச் செய்வது. ஒட்டியிருந்தது வஜ்ஜிரம். பழைய தச்சர்கள் அடுப்பில் காய்ச்சித் தடவும் பசை, மாட்டுத் தோலிலிருந்து எடுப்பது. காய்ந்தால் கல்மாதிரி நிற்கும். ஈரம் பட்டுக்கொண்டே இருந்தால் மறுபடியும் கூழாகிவிடும்.

பிறகு அம்மன் காலடியில் இருந்த அம்பைக் காட்டினார்கள். தங்க நிறச் சாயம், முனையிலிருந்து இறகுவரை. அதன்மேல் சந்தனம், குங்குமம். நவராத்திரி ஒன்பது நாளும் அதற்குத் தனியாகப் பாலாபிஷேகம் நடந்திருக்கிறது. முதல் இரண்டு நாள் மேலே ஊற்றினார்களாம். அம்பு மெல்லியது, பால் நிற்கவில்லை, புண்ணியம் வீணாகிறது என்று யாரோ சொல்ல, மூன்றாம் நாளிலிருந்து தாம்பாளத்தில் பாலை நிரப்பி அம்பைப் படுக்கவைத்துவிட்டார்கள். ஒன்பதாம் நாள் மாலை துடைத்துச் சாயம் அடித்தது செயலாளர்.

பூசாரி அம்பை என் கையில் கொடுத்தார். ஒட்டு இருக்கும் இடத்தில் சாயத்தின்மேல் மயிரிழையாக ஒரு கோடு ஓடியது. காதருகே வைத்துக் கட்டைவிரலால் லேசாக அழுத்தினேன். 'டிக்' என்றது. விட்டேன், மறுபடி 'டிக்' என்றது. உள்ளே ஒட்டு திறந்து திறந்து மூடுகிறது. சாயம்தான் அம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது.

வில்லை முழுதாக இழுக்கும்போது அந்த ஒட்டு சரியாக வில் பிடித்த கைக்கு மேலே வந்து நிற்கும். அங்கே முறிந்தால் என்ன ஆகும் என்பதற்கு என் மேசைமேல் விரிந்த அந்தக் கை இருக்கிறது. யார் எய்யப்போகிறார்கள் என்று கேட்டேன்.

தர்ஷினி என்றார்கள். அந்தத் தோட்டத்துப் பெண். இருபத்திரண்டு வயது இருக்கும். ரவாங்கில் ஒரு மருந்துக்கடையில் வேலை, மீதி நேரமெல்லாம் அம்பு. மாநில அணித் தேர்வு அடுத்த சனிக்கிழமை. அவளுடைய போட்டி வில்லைத் தலைவர்தான் வாங்கிக் கொடுத்திருந்தார், அதைச் சந்திக்கிறவர்களிடமெல்லாம் சொல்லியும் இருந்தார். இன்றைக்கு எய்ய வேறு வில், பார்க்க மரபாக இருக்க வேண்டும் என்று ஆன்லைனில் வரவழைத்த மரவில். நான் நாணைக் கொஞ்சம் இழுத்துப் பார்த்தேன். கிளப்பில் துரைமார் டீ குடித்துவிட்டு விளையாடிய வில் அல்ல. காட்டுப்பன்றியை நிறுத்தும் வில்.

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பாருங்கள், உண்மையைச் சொன்னால் பசையைச் சொல்ல வேண்டும், பசையைச் சொன்னால் மாட்டுத் தோலைச் சொல்ல வேண்டும். அம்மன் சன்னதியில், விஜயதசமியன்று, பாலாபிஷேகம் கண்ட அம்பைப் பார்த்து. என் பயம் எனக்கு ஒரு புத்திசாலித்தனத்தைக் காட்டிக் கொடுத்தது. பயம் காட்டும் புத்திசாலித்தனத்தை நம்பாதீர்கள் தம்பிகளா, அது தன் தலையை மட்டும்தான் காப்பாற்றப் பார்க்கும்.

தலைவர் வந்ததும் அம்பை மெதுவாகத் தட்டில் வைத்துவிட்டு, மிகவும் உயர்ந்த சாமான் என்றேன். ஒரு பழைய மோட்டார் சைக்கிள் விலை சொன்னேன். எய்தால் மதிப்புப் போய்விடும், அப்படியே கண்ணாடிப் பெட்டியில் வைத்து ஏலம் விடுங்கள் என்றேன். பேராசைக்காரன் எய்ய மாட்டான் என்பது என் கணக்கு.

தலைவர் முகம் விளக்குப் போட்டதுபோல ஆயிற்று. செயலாளர் போனை எடுத்துக் குறித்துக்கொண்டார். பிறகு நிதானமாகக் கேட்டார்: "எய்யாத அம்புக்கே இவ்வளவுன்னா, அம்மன் பேர்ல எய்த அம்புக்கு எவ்வளவு தலைவரே?"

"டபுள் லா" என்றார் தலைவர்.

அடுத்த நிமிடம் மைக்கில் சொல்லிவிட்டார். கோலா சிலாங்கூரிலிருந்து வந்த நிபுணர் சான்று சொன்ன அம்பு, நம் தோட்டத்து வீராங்கனை கையால், ஒய்.பி. முன்னிலையில். ஒய்.பி. என்பது அந்தத் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர். அவர் எங்கும் சொன்ன நேரத்துக்கு வருவதில்லை, அன்று அதுதான் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல காரியம். கூட்டம் என்னைத் திரும்பிப் பார்த்தது. இரண்டு பேர் கையெடுத்துக்கூடக் கும்பிட்டார்கள். நான் செருப்பு எங்கே விட்டேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஓடிப்போயிருப்பேன். அதை மறைக்க என்ன இருக்கிறது. செருப்பைத் தேடிக்கொண்டு கோயில் பின்புறம் போனபோது, குழாயடியில் தர்ஷினி கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். மஞ்சள் சேலை, காலில் விளையாட்டுச் சப்பாத்து. கழுவிவிட்டு விரல் விரலாகத் துடைத்தாள், மருந்துக்கடைக்காரி என்று தெரிந்தது. நான் சொல்லிவிட்டேன். ஒட்டு விட்டிருக்கிறது, இழுத்தால் கைக்குள் போகும் என்று, மூச்சு விடாமல்.

அவள் அலறவில்லை. எந்தக் கை என்று கேட்டாள். வில் பிடிக்கும் கை என்றேன். இடது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

"நான் மாட்டேன்னு சொல்ல முடியாது அங்கிள். வில்லு அவர் வாங்கித் தந்தது. எங்கம்மா இன்னும் இந்தத் தோட்டத்து நாத்து நர்சரியிலதான் வேலை செய்யுது. நான் சொன்னா திமிருன்னுவாங்க."

"தெரியும்மா."

"உங்களைத்தானே பார்த்துச் சொல்லக் கூப்பிட்டாங்க? நீங்க சொன்னா அது ரிப்போர்ட். நான் சொன்னா அது வாய்." அவள் சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். "சனிக்கிழமை எனக்கு டிரையல் இருக்கு அங்கிள்."

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. திடல்பக்கம் மேளம் ஆரம்பித்துவிட்டது. ஒரு மனிதன் எவ்வளவு பயந்தாலும், இரண்டு பயங்களில் ஒன்று பெரிதாக இருக்கத்தான் செய்யும். அந்தத் தலைவரைவிட அந்தக் கையை நினைத்தபோது எனக்குப் பயம் அதிகமாக இருந்தது. அதனால் திரும்பி நடந்தேன். வீரம் என்று எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

அலுவலக அறையில் தலைவர், செயலாளர், பொருளாளர், பூசாரி நால்வரும் இருந்தார்கள். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். அம்பில் விரிசல் இருக்கிறது, எய்தால் முறியும், பெண்ணின் கை போய்விடும். முன்பு சொன்ன விலை தப்பு, இந்த அம்பு ஒரு காசும் பெறாது.

நான் எதிர்பார்த்தது ஒரு அதிர்ச்சி. வந்தது ஆலோசனை. கையில் துணி சுற்றிக்கொள்ளட்டும் என்றார் பொருளாளர். மோட்டார் சைக்கிள் கையுறை தன் காரில் இருக்கிறது என்றும் சொன்னார். பந்தலில் முதலுதவிப் பெட்டி உண்டு, அதற்குப் பொறுப்பாளரும் நியமித்திருக்கிறோம் என்றார் செயலாளர். பாதி இழுத்தால் போதுமா, படம் எடுக்கத்தானே என்று தலைவர் கேட்டார். பாதி இழுப்பதில் பாதிக் கை போகும் என்றேன். பூசாரி மட்டும் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தார்.

"அண்ணே, அம்மன் அம்பு அண்ணே இது" என்றார் தலைவர், பெருந்தன்மையாக. "அவ பாத்துக்குவா. அவ பிள்ளை கையை அவ விட்டுடுவாளா?"

"நல்லாத்தான் இருந்திருக்கு தலைவரே. பால்ல ஊறித்தான் ஒட்டு விட்டுப்போச்சு."

அது தப்பான வாக்கியம். நால்வரும் நிமிர்ந்தார்கள். அபிஷேகப் பால் ஒரு பொருளைக் கெடுக்குமா என்று பொருளாளர் எழுந்தேவிட்டார். உலகத்தில் எந்தக் கோயிலிலாவது அப்படி நடந்திருக்கிறதா என்றார். செயலாளர் நான் சொன்னதைப் போனில் குறித்துக்கொண்டார், பின்னால் என்மேல் நடவடிக்கை எடுக்க உதவும் என்று. வெளியே மேளம் நெருங்கி வந்துகொண்டிருந்தது. ஒய்.பி. கார் வாசலில் திரும்பிவிட்டதாக யாரோ கதவைத் தட்டிச் சொன்னார்கள்.

"பால் ஒட்டைக் கரைக்குமா அண்ணே? என்ன பேசுறீங்க?" தலைவர் குரலில் இப்போது லோரி கேட்டது. "அப்படி என்ன பசை அது, பால் பட்டாக் கரையறதுக்கு?"

"வஜ்ஜிரம்."

"அப்படின்னா?"

பூசாரி காலண்டரிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். சின்ன வயதில் தச்சுப்பட்டறைப் பக்கம் திரிந்தவர் போலிருக்கிறது.

"மாட்டுத் தோலைக் காய்ச்சி எடுக்கறது" என்றேன்.

அதுவரை அம்பை மடியில் வைத்துக்கொண்டிருந்த செயலாளர் அதை மேசைக்கு நகர்த்தினார், பிறகு மேசையைவிட்டுத் தானும் நகர்ந்தார்.

"எந்த மாடு?" என்றார் தலைவர்.

"எந்த மாடா இருந்தா என்ன தலைவரே."

"அந்தப் பாலு..." என்று ஆரம்பித்தார் பொருளாளர். முடிக்கவில்லை. கை தானாகத் தொண்டைக்குப் போனது.

தாம்பாளத்தில் அம்பு ஊறிய பாலை என்ன செய்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. நால்வர் முகத்திலும் எழுதியிருந்தது. வெள்ளிக் கிண்ணத்தில், முதல் மரியாதையாக, கமிட்டிக்கு மட்டும், ஏழு நாள். விசேஷப் பிரசாதம்.

பாருங்கள் தம்பிகளா, தங்கைகளா. ஒரு பெண்ணின் கை ஓட்டையாகும் என்று நான் சொன்னபோது அவர்கள் கையுறை தேடினார்கள். என்றைக்கோ செத்துப்போன, ஊர் பெயர் தெரியாத ஒரு மாட்டின் தோல் என்றதும் அரை நிமிடம் பிடிக்கவில்லை. அம்பு கூடாது. எய்யக் கூடாது, ஏலம் கூடாது, சன்னதிப் பக்கமே போகக் கூடாது. இந்த அறையைவிட்டு இந்தப் பேச்சு போகக் கூடாது. செயலாளர் தன் போனில் எழுதியதை எல்லாம் ஒவ்வொன்றாக அழித்தார். அவர் எதையாவது அழித்ததை நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

"முன்னமே சொல்லியிருக்கலாம்ல அண்ணே?" என்றார் தலைவர், அழுகிற குரலில்.

"என்னை இன்னைக்குத்தானே வரச் சொன்னீங்க."

அவர் துண்டைச் சரிசெய்துகொண்டு வெளியே போய் மைக்கைப் பிடித்தார். பூசாரியின் கனவில் அம்மன் வந்து, இந்த வருடமும் தன் பிள்ளைகள் பழைய முறைப்படியே செய்ய வேண்டும் என்று உத்தரவு கொடுத்துவிட்டாள் என்றார். பிற்பகல் முழுவதும் விழித்துக்கொண்டு காலண்டரைப் பார்த்திருந்த பூசாரி, கைகூப்பி அதை ஆமோதித்தார். கூட்டம் சிலிர்த்துப்போனது. மூங்கில் வில் வந்தது, ஈர்க்கு அம்பு மூன்றடி போனது, கத்தி விழுந்தது, அசுரன் செத்தான். ஒய்.பி. கைதட்டினார். எலுமிச்சம்பழம் வழக்கத்தைவிட நல்ல விலைக்குப் போனதாகக் கேள்வி. தர்ஷினி அம்மாவின் பக்கத்தில் நின்றுகொண்டு சுண்டல் சாப்பிட்டாள். யாரும் அவளைத் திமிர் என்று சொல்ல வாய்ப்பே வரவில்லை.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன என்று நான் பல நாள் யோசித்தேன். உண்மையைச் சொல்லுங்கள் என்று சொன்னால் கொட்டாவி விடுவீர்கள். நான் சொல்வது அதைவிடச் சின்ன விஷயம். அம்பில் என்ன பழுது, ஏன் பழுது, எதனால் ஒட்டியது, எதனால் விட்டது, எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். இது நாகரிகமாக இல்லை, அது கலவரமாகும் என்று நீங்களே பொறுக்கி எடுத்து வைக்காதீர்கள். உண்மையில் எந்தத் துண்டு யார் காதில் ஏறும் என்று நமக்குத் தெரியாது. எனக்குப் பெரிதாகத் தெரிந்தது அந்தக் கை. அவர்களுக்கு ஏறியது தோல். நான் வாய்க்குள் மென்று விழுங்கப் பார்த்த அந்த ஒரு சொல்தான் வேலை செய்தது. விலையை ஏற்றிச் சாமர்த்தியம் செய்தது, அவளை இன்னும் ஆழமாகத்தான் மாட்டிவிட்டது.

கிளம்பும்போது செயலாளர் பெட்டியையும் அம்பையும் ஒரு கறுப்புக் குப்பைப் பையில் சுற்றி, விரல் நுனியால் பிடித்துக்கொண்டு வந்து கொடுத்தார். எங்கேயாவது கொண்டுபோங்கள், எங்கே என்று எங்களுக்குச் சொல்ல வேண்டாம் என்றார். தப்பிய நல்ல அம்பும் உள்ளேதான் இருந்தது. அதை நான் வைத்துக்கொண்டால் திருட்டாகுமோ என்று மறுநாள் போன் செய்தேன். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டார். அந்த அம்பு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, விற்கவும் பயம், வைத்திருக்கவும் பயம்.

காரில் பையை வைக்க இடம் போதவில்லை. தங்க அம்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தர்ஷினி உதவிக்கு வந்தாள். நான் அம்பைக் கொஞ்சம் சாய்த்துப் பின்னிருக்கைக்குள் நுழைக்கப் பார்த்தேன். சத்தமே இல்லை. நமத்துப்போன முறுக்குமாதிரி இரண்டாகக் கையோடு வந்துவிட்டது. உடைந்த இடத்தில் நீளமான, வெளிறிய, ஊசிமாதிரிப் பல். அதில் கொஞ்சம் பால் வாடை.

அவள் இடது கையை மெதுவாகச் சேலை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

சனிக்கிழமை முழுவதும் நான் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். மழை வந்தால் என்ன ஆகும், காற்று அடித்தால் என்ன ஆகும், அவளுக்குப் பஸ் கிடைத்ததா என்று. என் மனைவி போனைப் பிடுங்கி அரிசி டின்னுக்குள் போட்டாள். சாயங்காலம் டின்னுக்குள்ளிருந்து மணி அடித்தது.

"அங்கிள், செலக்ட் ஆகல" என்றாள். சிரித்துக்கொண்டிருந்தாள். "கை நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் சொதப்பிட்டேன். கடைசி ரவுண்டுல பக்கத்து ஆள் போர்டுல அடிச்சிட்டேன்."

ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அவளே சொல்லிவிட்டாள்.

"பரவால்ல லா அங்கிள். கை இருக்குல்ல. அடுத்த வருசம் பாத்துக்கலாம்."